ரத்தத்துக்கு ஓட்டில்லாத கார்

பெர்சியோவின் ஷேர் காரில் ஓட்டுநருக்கும் ஜன்னலோரத்து ஆளுக்கும் நடுவே, கியர் கம்பி முழங்காலில் இடிக்கிற இடம் ஒன்று உண்டு. எங்கள் ஊர் லா வேகாவில் வேறு எந்தப் பெண்ணும் அதில் உட்காரச் சம்மதிக்க மாட்டாள். எனக்கு அதுதான் வேண்டும். ரேடியோ கைக்கெட்டும். பின்சீட்டில் எவன் உளறினாலும் சட்டென்று திரும்பி மூஞ்சியைப் பார்த்துப் பதில் கொடுக்கலாம். பின்னால் நாலு பேர், முன்னால் நாங்கள் ரெண்டு பேர், ஓட்டுகிற பெர்சியோ என்று எல்லோரும் பேஸ்பால் பற்றிக் கத்திக்கொண்டே ஊரைக் கடப்போம். பேன்ட் தைக்கிற கம்பெனி வாசலில் நான் இறங்கும்போது தொண்டை கட்டிப்போயிருக்கும்.

ஊரில் இப்போது ஆளாளுக்குப் பெர்சியோவைப் பற்றி ஒன்று சொல்கிறார்கள். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிறான் ஒருத்தன். துரோகி என்கிறான் இன்னொருத்தன். அந்தக் காரில் ஒருநாள்கூட ஏறாதவர்களுக்குத்தான் வாய் அதிகம். கியர் கம்பி இடித்து இடித்து முழங்காலில் தழும்பு வாங்கியவள் நான். நான் சொல்கிறேன், கேளுங்கள்.

பெர்சியோ பிச்சார்டோ இளவயதில் அரிசி ஆலையில் மூட்டை சுமந்தவர். கல்யாணத்துக்குப் பிறகு மாமனாரின் பழைய ஜப்பான் காரை வாங்கிக்கொண்டு இந்தப் பாதையில் இறங்கினார். சந்தையில் புறப்பட்டு, கமு ஆற்றுப் பாலம் தாண்டி, நெடுஞ்சாலை பஸ் நிலையத்தில் முடியும். அந்தக் காரின் முன்கதவு உள்ளிருந்து திறக்காது. இறங்குகிறவர் ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுத் திறந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணியோ காலொடிந்தவரோ, யாராக இருந்தாலும் பெர்சியோ சீட்டைவிட்டு அசைய மாட்டார். "கதவு திறந்துவிட நான் என்ன ஹோட்டல் வாசல்லயா நிக்கிறேன்?" என்பார்.

ஸ்டேடியத்துக்கும் போக மாட்டார். எங்கள் அணி சேவல்கள், பச்சைச் சட்டை. தான் போய் உட்கார்ந்த நாளெல்லாம் சேவல்கள் தோற்றிருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு பயம். அதனால் ஆட்டமெல்லாம் காரில், ரேடியோவில்தான்.

சேவல்கள் உருப்படாமல் போனதற்குக் காரணம் சொந்தபந்தம் என்பது அவருடைய தீர்மானமான கட்சி. முன்பு அணிக்கு மேலாளராக இருந்தவர் தன் மச்சான் மகனை கேட்சராக வைத்திருந்தார். அந்தப் பையனின் கையைத் தேடிப் பந்துதான் வர வேண்டும், கை போகாது. இன்னொரு சமயம் மைதானத்தின் வெளிவட்டத்தில் நின்று ஆடிய ஒருவன் எங்கள் இறைச்சிக்கடை ராதமெஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஜன்னலோர இடம் எப்போதும் ராதமெஸுக்குத்தான். தம்பி கோட்டைவிட்ட பந்துக்கெல்லாம் இவன் காரில் வக்கீலாக இருந்தான். ஒருநாள் பின்சீட்டுக்காரர் ஒருவரின் சட்டையைப் பிடித்தேவிட்டான். பெர்சியோ பாலத்தின் நடுவில் பிரேக் போட்டார்.

"ராதமெஸ், இறங்கு. இறங்கலன்னா ஒண்ணு கேட்டுக்க. இந்த வண்டில ரத்தத்துக்கு ஓட்டு கிடையாது. உன் சொந்தக்காரன் பேச்சு வந்தா நீ வாயை மூடிக்கணும். மத்தவங்க பேசுவாங்க."

பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டிருந்தன. ராதமெஸ் இறங்கவில்லை, வாயை மூடிக்கொண்டான். அன்றிலிருந்து அதுதான் அந்தக் காரின் சட்டம்.

சட்டம் ஊருக்குள் பரவியது. உள்ளூர் ரேடியோவில் காலை நிகழ்ச்சி நடத்தும் ஃபெயோ, வெள்ளிக்கிழமைதோறும் பெர்சியோவின் போனுக்குக் கூப்பிட ஆரம்பித்தான். யாரை எடுத்தது சரி, யாரை விட்டது தப்பு, கோச்சை மாற்றலாமா என்று கேட்பான். பெர்சியோ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, ஒரு கையால் ஸ்டீயரிங்கைத் திருப்பியபடி தீர்ப்பு சொல்வார். கடைகளில் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவைப்பார்கள். மரியாதையாகத் தொன் பெர்சியோ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். யாருக்கும் வேண்டியவர் இல்லை, யாருக்கும் வேண்டாதவர் இல்லை என்று அவருக்குப் பேர். அந்தப் பேரை அவர் ரொம்பவே ரசித்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அவருக்கு ஒரே மகன், வில்கின். மீசை முளைக்கிற வயதில் பேஸ்பால் ஆட அமெரிக்காவுக்குப் போனவன், அங்கே சின்னச் சின்ன ஊர் அணிகளில் பஸ்ஸில் அலைந்தான். பெரிய ஸ்டேடியம் எதற்குள்ளும் அவனை விடவில்லை. பிறகு மெக்சிகோவில் பல வருஷம். எந்த ஊரில் இருந்தாலும் காலையில் அப்பாவிடம் ஆசீர்வாதம் கேட்டு போன் வந்துவிடும்.

"ஆசீர்வாதம், அப்பா."

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்டா."

அவ்வளவுதான் பேச்சு. வேறெதுவும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதைக் கேட்காமல் பெர்சியோ சாவியைத் திருப்பியதில்லை. பயணிகள் நாங்கள் நேரமாகிறதென்று கதவைத் தட்டினாலும் காத்திருப்பார்.

போன அக்டோபரில் சேவல்கள் வில்கினை எடுத்தார்கள். முப்பது தாண்டிவிட்டது, முழங்காலில் வலி, ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டான். மைதானத்தில் இரண்டாம் தளத்தைக் காப்பது அவன் வேலை. பேட்டிங் சுமார்தான். ஆனால் கை இருக்கிறதே, தரையோடு சீறி வரும் பந்தைப் பூனைக்குட்டி மாதிரி அள்ளி, ஒரே மூச்சில் இரண்டு பேரை அவுட்டாக்கிவிடுவான். பச்சைச் சட்டையின் முதுகில் பிச்சார்டோ என்று எழுதியிருக்கும். அந்தச் சட்டை கொடியில் காய்கிறபோது பெர்சியோ எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவர் மனைவி சுனில்டா எனக்கு இரண்டு வீடு தள்ளி. அவள் சத்தம் எனக்கே கேட்கும். "பார்த்தே கிழிச்சிடாதீங்க. அது காயட்டும்."

காரில் மட்டும் மகனைப் பற்றி மூச்சுவிட மாட்டார். சட்டம் அவர் போட்டதாயிற்றே. வில்கின் ஒரு நல்ல பந்து பிடித்தான் என்று நாங்கள் பேசிக்கொண்டால், ஹாரனை ஒரு தட்டு தட்டுவார். எதிரில் நாய்கூட இருக்காது.

டிசம்பர் பிறந்தது, சனியும் பிறந்தது. வில்கினுக்குப் பேட்டில் பந்து படவே இல்லை. கிழக்குக் கடற்கரையின் சுறாக்கள், மஞ்சள் சட்டைக்காரர்கள், வில்கினைக் கேட்பதாகப் பேச்சு கிளம்பியது. பதிலுக்கு, கடைசி நேரத்தில் இறங்கிப் பந்து வீசி ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் பிட்சர் ஒருவனைத் தருவார்களாம். எங்கள் இப்போதைய மேலாளரை ஊரே இன்ஜினியர் என்றுதான் கூப்பிடும். அவர் வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

காருக்குள் கேட்க வேண்டுமா?

"மாத்தணும்," என்றான் ராதமெஸ். "கையை வச்சுக்கிட்டு என்ன பண்றது? ரன்னு வேணாமா? கடைசில மூணு ஆட்டம் கையில இருந்து நழுவிப் போச்சு. பிட்சர் இல்லாமத்தானே?"

"நீ இறைச்சி வெட்டுறதோட நிறுத்திக்க," என்றேன். "லான்டிகுவாவைக் குடுத்தாங்களே, அப்ப என்ன ஆச்சு? ஞாபகம் இருக்கா?"

"எவன் லான்டிகுவா?"

"எவனா? முன்னாடி நம்ம இரண்டாம் தளத்துல ஆடினவர். இதே மாதிரிதான், வயசாயிடுச்சு, அடிக்க மாட்டேங்கிறான்னு குடுத்தாங்க. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் போன பந்தெல்லாம் கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி ஜாலியா போச்சு. தொன் பெர்சியோ அந்த வருஷம் முழுக்கப் புலம்பினாரே. கேட்டுப் பாரு."

"அவரைக் கேக்கக் கூடாது," என்று பின்சீட்டிலிருந்து ஒரு கிழவர் சொன்னார். "அவருக்கு ஓட்டு இல்ல."

நான் பெர்சியோவைத் திரும்பிப் பார்த்தேன். பிடரியில் வேர்வை. ரேடியோவில் ஒரு ஸ்டேஷனும் அவருக்குப் பிடிக்கவில்லை, திருகிக்கொண்டே இருந்தார். கம்பெனி வாசலைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கத்திய பிறகுதான் நிறுத்தினார். லான்டிகுவாவை விட்ட வருஷம் இதே மனிதர் ஸ்டீயரிங்கைக் குத்திக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே நினைவிருந்தது. அந்த மாதிரிக் கையை டிசம்பரில் விடுகிறவன் வீட்டுக் கூரையை மழைக்காலத்தில் விற்கிறவன் என்றார். அதனால் நான் தைரியமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஃபெயோ கூப்பிட்டான். நாங்கள் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தோம்.

"தொன் பெர்சியோ, ஊரே உங்க வாயைத்தான் பாத்துட்டிருக்கு. வில்கினைக் குடுத்து பிட்சரை வாங்கலாமா?"

"எனக்கு அதுல ஓட்டு இல்லப்பா. வேற கேளு."

"அட, எல்லாருக்கும் தீர்ப்பு சொல்றவரு. சொந்த மகன்னதும் ஜன்னலை மூடிக்கிறீங்களே. ரத்தம் பேசுதோ?"

விளையாட்டாகத்தான் கேட்டான். ஆனால் பெர்சியோவின் காதுமடல் சிவந்ததை நான் பார்த்தேன். வாழ்நாளெல்லாம் மச்சான் மகன்களையும் ஒன்றுவிட்ட தம்பிகளையும் கிழித்துத் தொங்கவிட்டவரிடம் கேட்கிற கேள்வியா அது? அந்த நேரத்தில் அவருக்கு, சும்மா இருப்பதே மகனுக்குச் சாதகமாகப் பேசுவதுபோலத் தோன்றியிருக்க வேண்டும். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன். உதறிவிட்டார்.

"ரத்தமா? எனக்கா? மாத்துங்க. பிட்சரை வாங்குங்க. நான் இன்ஜினியரா இருந்தா இன்னைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன்."

ராதமெஸ்கூட முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். பெர்சியோ போனை அணைத்துவிட்டு, நேர்மையானவர் என்ற அந்தப் பேரைக் காப்பாற்றிக்கொண்ட பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அரை நிமிஷம்கூட முதுகு நிமிர்ந்து நிற்கவில்லை.

நாள் முழுக்க ரேடியோவில் அதுதான் பேச்சு. அப்பனே சொல்லிவிட்டான், அப்பனே சொல்லிவிட்டான் என்று ஒவ்வொருத்தனும் போன் போட்டுச் சொன்னான். புதன்கிழமை பிற்பகல் வில்கின் மஞ்சள் அணிக்குப் போய்விட்டான் என்று அறிவித்தார்கள். இன்ஜினியரிடம் காரணம் கேட்டதற்கு, "பையனின் தகப்பனாரே சொன்ன பிறகு நான் என்ன சொல்ல?" என்று சிரித்தாராம். எத்தனை வசதியான கேடயம் பாருங்கள். கம்பெனியில் அன்று நான் தைத்த பேன்ட்டுகளுக்கெல்லாம் கால் கோணல்.

சுனில்டா சண்டை போடவில்லை. பானையின் அடியில் பிடிக்கும் மொறுமொறுப்பான காந்தல் சோறு என்றால் பெர்சியோவுக்கு உயிர். தினமும் அதைச் சுரண்டி அவர் தட்டில்தான் வைப்பாள். அன்றிலிருந்து அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "உன் பிள்ளைங்களுக்குக் குடு," என்று வைத்துவிட்டுப் போனாள். பெர்சியோ வெள்ளைச் சோறும் பீன்ஸும் தின்றுவிட்டு எழுந்து போனார்.

வில்கினும் சண்டை போடவில்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் அப்பாவிடம் ஆசீர்வாதம் கேட்கவில்லை. அவ்வளவுதான். காலையில் அவரைத் தாண்டி வாசலுக்கு வந்து, பல் துலக்கி, உள்ளே போய்விடுவான். பெர்சியோ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்திருப்பார். கண்ணாடியைத் துடைப்பார். இருக்கையைச் சரிசெய்வார். இறங்கி டயரை உதைத்துப் பார்ப்பார். நாங்கள் தெருமுனையில் நின்று பார்ப்போம். கடைசியில் கேட்காமலேதான் சாவியைத் திருப்புவார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வில்கின் பையைத் தூக்கிக்கொண்டு எங்களோடு தெருமுனையில் நின்றான். பஸ் நிலையம் போக வேண்டும். அணிக்காரர்கள் வண்டி அனுப்புவதாகச் சொல்லியும் வேண்டாமென்று சொல்லிவிட்டானாம். கார் வந்து நின்றது. ராதமெஸ் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நெருக்கிக்கொண்டான். ஆக, இடது பக்கம் அப்பா, வலது பக்கம் மகன், நடுவில் நான், முழங்காலில் கியர் கம்பி. இந்த இடத்தை விரும்பிக் கேட்டதற்காக அன்று என்னையே திட்டிக்கொண்டேன்.

யாரும் பேசவில்லை. வில்கின்தான் ஆரம்பித்தான்.

"என்ன, இன்னைக்கு எல்லாருக்கும் தொண்டை வலியா? பேசுங்க. இந்த மாத்துல யாருக்கு லாபம்? சேவல்களுக்கா, சுறாக்களுக்கா?"

"விடுப்பா, தம்பி," என்றார் பின்சீட்டுக் கிழவர்.

"இல்ல, எனக்குத் தெரியணும். சின்ன வயசுல இந்தப் பின்சீட்லதான் வளர்ந்தேன். எல்லாத் தீர்ப்பும் கேட்டிருக்கேன்." பிறகு என் தலைக்கு மேலாக அப்பாவைப் பார்த்தான். "லான்டிகுவாவைக் குடுத்தப்ப ஒரு சீசன் முழுக்கச் சண்டை போட்டீங்க. நானும் அதே ஆட்டம்தான் ஆடுறேன். அவரைப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஒண்ணு மட்டும் கேக்குறேன், அப்பா. நான் வேற யாரோட பிள்ளையாவது இருந்திருந்தா, அன்னைக்கு என்ன சொல்லியிருப்பீங்க?"

பெர்சியோ கியரை மாற்றினார். கம்பி என் முழங்காலில் இடித்தது. மறுபடி மாற்றினார். தேவையே இல்லை, சமதளத்தில்தான் போய்க்கொண்டிருந்தோம்.

அப்போது போன் அடித்தது. வெள்ளிக்கிழமை அல்லவா. நான் எடுக்க வேண்டாமென்று தலையாட்டினேன். பெர்சியோ எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"தொன் பெர்சியோ," என்றான் ஃபெயோ. "தெரு என்ன சொல்லுது? எல்லாருக்கும் திருப்தியா?"

"ஃபெயோ, போன வாரம் நான் பொய் சொன்னேன்."

"என்னது?"

"பொய். அவன் வேற வீட்டுப் பிள்ளையா இருந்திருந்தா, அவனைத் தொட்டீங்கன்னா ஸ்டேடியம் வாசல்ல வண்டியைக் குறுக்க போட்டு ஒருத்தரையும் உள்ள விடமாட்டேன்னு சொல்லியிருப்பேன். அவனை மாதிரி கை இந்த லீக்குல இல்ல. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன். என் மகன்ங்கிறதால சொன்னேன்."

ஃபெயோ கொஞ்சம் தடுமாறினான். "ஆனா எல்லாம் முடிஞ்சு போச்சே. இப்பச் சொல்லி இன்ஜினியர் என்ன பண்ணப் போறாரு?"

"நான் இன்ஜினியருக்குச் சொல்லல," என்று சொல்லி பெர்சியோ போனை அணைத்தார்.

வில்கின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். என் கம்பெனி வாசலை எப்போதோ கடந்துவிட்டோம், நான் கத்தவில்லை.

கார் நின்றதும் வில்கின் கதவைத் திறக்க ஜன்னல் வழியாகக் கையை விட்டான். அதற்குள் பெர்சியோ இறங்கிவிட்டார். சுற்றிக்கொண்டு வந்து, வெளியிலிருந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் அவர் யாருக்கும் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. வில்கின் பையை எடுத்துக்கொண்டான். அப்பாவைப் பார்த்தான். வாய் திறந்தது.

"நேரத்துக்குச் சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பார்த்து நடந்தான்.

பெர்சியோ திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார். பின்னால் வந்த கார்க்காரன் திட்டிய பிறகுதான் வந்து உட்கார்ந்தார்.

அந்தப் பிட்சர் கதையைக் கேட்காதீர்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ராதமெஸ் ஒரு வாரம் என் கண்ணில் படாமல் அடுத்த காரில் போனான். இரண்டாம் தளத்தில் இப்போது ஆடுகிற பையனைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்புதான் வரும். ஆனால் பெர்சியோவின் காதில் எதுவும் ஏறவில்லை. போனை ரேடியோவுக்கு மேலே சாய்த்து வைத்துக்கொண்டு ஓட்டினார். அது அடித்தால் வண்டியை ஓரங்கட்டுவார். யாரென்று பார்த்துவிட்டு மறுபடி சாய்த்து வைப்பார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பன்றி வறுத்து வீடெல்லாம் மணத்தது. வில்கின் அம்மாவைக் கூப்பிட்டான். அவளிடம் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வைத்துவிட்டான். பெர்சியோ தட்டோடு எழுந்து போய் காரில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

ஜனவரியில் சுறாக்கள் எங்கள் ஊருக்கு ஆட வருகிறார்கள் என்று தெரிந்த வாரம், பெர்சியோ ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தார். உள்ளே மஞ்சள் சட்டை.

"மிரேயா, இதுல முதுகுல பேரு தைக்கணும்."

"என்ன பேரு?"

"எங்க பேரு."

எனக்கு வந்ததே கோபம். "தொன் பெர்சியோ, நான் பொறந்ததுல இருந்து பச்சை. என் மெஷின்ல மஞ்சள் துணி ஏறினா ஊசி உடையும். இதைப் போட்டுக்கிட்டு ஸ்டேடியத்துக்குப் போவீங்களா? உங்களை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுருவாங்க."

"தைப்பியா, மாட்டியா?"

தைத்தேன். திட்டிக்கொண்டே தைத்தேன். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை ஓட்டித் தைத்தேன், யாராவது பிடித்து இழுத்தாலும் வந்துவிடக் கூடாதென்று.

ஆட்டத்தன்று காலையிலிருந்தே அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினார். கை காட்டி நிறுத்தியவர்கள் சட்டையைப் பார்த்ததும் போ போ என்றார்கள். ராதமெஸ் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். "இந்த வண்டில ஏறுறதுக்கு நான் நடந்தே போவேன்," என்றான். கொஞ்ச தூரம் நடந்தான். அடுத்த கார் நிறைந்து வழிந்தது. திரும்பி வந்து ஏறிக்கொண்டான்.

மாலையில் அவரோடு நானும் போனேன். தனியே விட முடியுமா? எங்களைச் சுற்றிப் பச்சை, நடுவில் இந்த ஒற்றை மஞ்சள். பியர் டம்ளர் ஒன்று வந்து விழுந்தது. வேர்க்கடலைத் தோல் மழையாகக் கொட்டியது. பெர்சியோ முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு இரண்டாம் தளத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காருவார், எழுவார், உட்காருவார். வில்கின் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

கடைசிச் சுற்று. இரண்டு அணிக்கும் சமமான ரன். எங்களுக்கு இரண்டு பேர் அவுட்; இன்னொருவன் மூன்றாம் தளத்தில், ஓடி வந்து ரன் எடுக்கத் தயாராக நிற்கிறான். எங்கள் ஆள் அடித்த பந்து நேரே மேலே எழும்பி, வில்கினின் தலைக்கு மேல் வந்தது. ஐந்து வயதுக் குழந்தை பிடிக்கிற பந்து. வில்கின் கையை விரித்து நின்றான். பந்து கையுறையில் விழுந்து, வெளியே குதித்து, புல்லில் உருண்டது. மூன்றாம் தளத்து ஆள் ஓடி வந்துவிட்டான். சேவல்கள் ஜெயித்தார்கள்.

நான் என்னை மறந்து குதித்தேன்; என்ன செய்ய, ரத்தம் பச்சை. ஸ்டேடியமே எழுந்து நின்று வில்கினைக் கூவி விரட்டியது. தான் போனால் தன் அணி தோற்கும் என்ற பெர்சியோவின் பயம் அன்றும் பொய்க்கவில்லை. அப்போதுதான் அவர் குரல் கேட்டது. நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

"வெயிலு! அவன் கண்ணுல வெயில் பட்டுடுச்சு!"

தலைக்கு மேல் விளக்குக் கம்பங்கள் எரிந்துகொண்டிருந்தன. சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் போய் எவ்வளவு நேரமாயிற்று.

"யோவ், ராத்திரில ஏதுய்யா வெயிலு?" என்றான் பின்வரிசையில் ஒருத்தன்.

"உனக்கு என்னடா தெரியும்? அங்க நின்னு பாத்தியா? பேச வந்துட்டான்." பெர்சியோ மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, பின்வரிசை முழுவதோடும் சண்டைக்கு நின்றார். "மழை பெஞ்சிருக்கு, புல்லு ஈரம், பந்து வழுக்குது. எவனா இருந்தாலும் விட்டிருப்பான்."

மழை பெய்து ஒரு வாரமாகியிருந்தது. வெயில் வெயில் என்று ஒரு வரிசை சிரித்தது. அடுத்த வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் ஸ்டேடியத்தின் பாதி கைதட்டி வெயில் வெயில் என்று பாடியது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போன வில்கின், என்ன கூச்சல் என்று நிமிர்ந்து பார்த்தான். பச்சைக் கூட்டத்தின் நடுவே ஒரு மஞ்சள் முதுகு. முதுகில் அவன் பேர்.

கூட்டம் கலைந்தபோது அவன் கம்பி வேலியருகே வந்து நின்றான். பெர்சியோ படியிறங்கி ஓடினார். அந்த வயதில் அந்த ஓட்டம். நான் பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா," என்றான் வில்கின். கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டுமிருந்தான். "நான்தான் விட்டேன். கையில விழுந்த பந்து. வெயிலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"உன் பக்கம் அடிச்சுது. நான் பாத்தேன்."

"அப்பா."

"பாத்தேன்னு சொல்றேன்ல? யாரு வந்து கேட்டாலும் சொல்வேன்."

வில்கின் நெற்றியைக் கம்பியில் சாய்த்துக்கொண்டான். கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து பெர்சியோ அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டார். வெளியே சேவல்களின் வெற்றிக்கு ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. இரைச்சலில் அவன் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் உதடுகள் அசைந்தது தெரிந்தது. அப்பா சொன்ன பதில் மட்டும் நன்றாகவே கேட்டது.

"கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்டா."

மறுநாள் காலை தெருமுனையில் நாங்கள் காத்துக்கொண்டிருந்தோம். நேரமாகிவிட்டதென்று ராதமெஸ் போய்க் கார் கதவைத் தட்டினான். பெர்சியோ விரலை உயர்த்தி, இரு என்றார். போன் அடித்தது. பேசி முடித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார்.